போங்கோ அடிச்சது யாரு?

ரெக்கார்டை வெட்டி சுவர்க் கடிகாரம் பண்றவங்களே, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

ஆமா, கோபத்துலதான் எழுதுறேன்.

சீசன் களைகட்டிருச்சு. எங்க மேலகரத்துலேருந்து குற்றாலம் போற ரோட்டுல நடக்க எடம் இல்ல. சிப்ஸ் கடை, மங்குஸ்தான் கடை, எண்ணெய் மசாஜ், நடுநடுவுல அலங்காரச் சாமான் கடை. அதுல ஒரு கடையில எல்.பி. ரெக்கார்டை நடிகர் முக வடிவத்துல வெட்டி, நடுவுல முள்ளு மாட்டித் தொங்க விட்டிருக்காங்க. கிட்டப் போய்ப் பார்த்தேன். லேபிள் அப்படியே இருக்கு. எம்.எஸ்.வி. பாட்டுத் தொகுப்பு. ஓரத்துல இருக்க பாட்டெல்லாம் வெட்டுல போச்சு.

"ஓடாத ரெக்கார்டுதானே சார்"ங்கிறார் கடைக்காரர்.

ஓடாத ரெக்கார்டுன்னு ரொம்பக் கம்மிங்க. அழுக்குப் பிடிச்ச ரெக்கார்டு இருக்கு, பூஞ்சை பிடிச்ச ரெக்கார்டு இருக்கு, கீறல் விழுந்தது இருக்கு. அதுல முக்கால்வாசி நல்ல தண்ணிக்கும் ஒரு சொட்டு சோப்புக்கும் சரியாயிரும். (எப்படின்னு கீழ சொல்றேன். நேரா அங்க தாவிராதீங்க, நடுவுலதான் விஷயமே இருக்கு.)

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் சேக்குறது லத்தீன் தாளம் ஏறின பழைய ரெக்கார்டு. அலமாரியில ஒரு தட்டு முழுக்க நியூயார்க் சரக்கு: பூகலூ, லத்தீன் சோல், லத்தீன் ஜாஸ். மத்த தட்டெல்லாம் அதே தாளம் ஏறின தமிழ்ப் படப் பாட்டு. நியூயார்க் ரெக்கார்டுக்கு வெளிநாட்டுத் தபால் செலவு, சுங்கம்னு ஏகப்பட்ட பாடு. தமிழ் ரெக்கார்டு தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டைன்னு பஸ் ஏறினா வந்துரும். தேடத் தெரியணும், அவ்வளவுதான்.

பூகலூன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு.

நியூயார்க்ல கிழக்கு ஹார்லெம். புவெர்ட்டோ ரிக்கோலேருந்து வந்த குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் அடுத்தடுத்த தெருவுல இருக்காங்க. வீட்டுல அப்பா அம்மா கேக்குறது மாம்போ, சா-சா-சா. தெருவுல பசங்க கேக்குறது சோல். அந்தப் பசங்க வளர்ந்து வாத்தியம் எடுத்தப்போ ரெண்டையும் ஒண்ணாப் போட்டாங்க. பாதி இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷ், கைதட்டு, கூச்சல், சுத்திச் சுத்தி வர்ற பியானோ. அதுதான் பூகலூ.

1966ல ஜோ க்யூபா குழுவோட 'பேங் பேங்'. 1967ல பீட் ரோட்ரிகஸோட 'ஐ லைக் இட் லைக் தட்'. அதே வருஷம் ஜானி கோலோனோட 'பூகலூ ப்ளூஸ்'. அதே 1967லதான் ஜோ பட்டானோட 'ஜிப்சி உமன்' ஆல்பமும். (பட்டானோட அப்பா பிலிப்பைன்ஸ்காரர், அம்மா கறுப்பினப் பெண். வளர்ந்தது புவெர்ட்டோ ரிக்கோ பசங்க கூட. அவர் பாட்டுல மூணும் கேக்கும்.) 1970 வர்றதுக்குள்ள அலை ஓஞ்சிருச்சு. 1964ல ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் ஆரம்பிச்ச ஃபானியா கம்பெனி, சால்சாங்கிற பேர்ல அடுத்த அலையைக் கிளப்பிருச்சு.

'நான் இதெல்லாம் கேட்டதே இல்ல'ன்னு சொல்லாதீங்க. பீட் ரோட்ரிகஸ் பாட்டைத்தான் 2018ல கார்டி பி எடுத்துத் தன் பாட்டுல வச்சாங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க அதுக்கு ஆடியிருக்கும்.

இப்போ மெட்ராஸுக்கு வாங்க. வருஷம் 1964.

விஸ்வநாதன் – ராமமூர்த்தி அந்த ஒரே வருஷத்துல என்னென்ன பண்ணாங்கன்னு பாருங்க. 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்', 'புதிய பறவை', 'கறுப்புப் பணம்'. பூகலூ கிளம்புறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி! மாம்போ, சா-சா-சா, ரம்பா எல்லாம் ஹாலிவுட் படம் வழியா, ரேடியோ வழியா, ஓட்டல் பேண்டுல வாசிச்ச ஆங்கிலோ-இந்தியக் கலைஞர்கள் வழியா ஸ்டுடியோவுக்குள்ள வந்தாச்சு. பம்பாயில அதுக்கும் முன்னாடியே சி. ராம்சந்திரா 1951ல 'அல்பேலா'வுல போங்கோவை உருட்டிட்டார். அங்க கோவா வாத்தியக்காரங்க ஒரு படையே இருந்தாங்க.

'சர்வர் சுந்தரம்' படத்துல 'அவளுக்கென்ன' பாட்டு பார்த்திருப்பீங்க. பாக்காதவங்க இப்பவே பாருங்க, நான் காத்திருக்கேன். பாட்டுப் பதிவையே காட்சியா எடுத்திருக்காங்க. எம்.எஸ்.வி. நின்னு நடத்துறார், டி.எம்.எஸ். மைக் முன்னாடி நிக்கிறார், சுத்தி வாத்தியக்காரங்க. வாத்தியக்காரங்க முகத்தைத் தமிழ் சினிமா இவ்வளவு நேரம் காட்டினது அபூர்வம். டிரம்ஸ், போங்கோவுக்கு நோயல் கிராண்ட், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, புல்லாங்குழலுக்கு நஞ்சப்பான்னு எம்.எஸ்.வி. குழுவுல இருந்தவங்க பேரெல்லாம் எனக்குப் பின்னாடி படிச்சும் கேட்டும்தான் தெரிஞ்சுது. ரெக்கார்டுல அந்தப் பேரு கிடையாது.

இதுதான் என் ஆதங்கம். கொஞ்ச நேரத்துல திரும்ப வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பயிற்சி. கையை எடுங்க. பதினாறு மாத்திரை. வாயால சொல்லுங்க:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்துல மட்டும் ஒரு தட்டு. மூணு, மூணு, நாலு, ரெண்டு, நாலு. மொத்தம் அஞ்சு தட்டு. நிறுத்தாம திரும்பத் திரும்பப் போடுங்க.

போட்டாச்சா?

அதுதான் க்ளாவே! க்யூபா இசையோட முதுகெலும்பு. ரெண்டு சின்ன மரக் கட்டையை வச்சு இந்த அஞ்சு தட்டைத் தட்டுவாங்க. பியானோ, பேஸ், காங்கா, பாட்டு எல்லாம் இதுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கும். சில பாட்டுல கட்டையைத் தட்டவே மாட்டாங்க, ஆனாலும் எல்லார் மனசுலயும் அது ஓடிட்டே இருக்கும். மேடையில தாளம் போடுறவர் நிறுத்திட்டாலும் மிருதங்கக்காரருக்கு ஆதி தாளம் உள்ள ஓடுமே, அந்த மாதிரி.

நமக்கு இது அந்நியமே இல்ல. எங்க மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் 'குற்றாலக் குறவஞ்சி'யில வசந்தவல்லியைப் பந்தடிக்க விட்டாரே, அந்தச் சந்தத்தைச் சத்தமாப் படிச்சுப் பாருங்க. பந்து தரையில படுறதும் எழும்புறதும் சொல்லுலயே கேக்கும். எழுத்தை வச்சே தாள வாத்தியம் வாசிச்ச மனுஷன் ஊருல பிறந்துட்டு, தாளம் வாசிச்சவர் பேரை விட்டுட்டோமேங்கிறது எனக்கு உறுத்துது.

(ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். நம்ம படப் பாட்டுல க்ளாவே அச்சு அசலா வரணும்னு தேடாதீங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் எடுத்துக்கிட்டது போங்கோ உருட்டு, மராக்காஸ் உரசல், சா-சா-சா நடை. மெலடியும் சொல்லும் நம்மளுது. அந்தக் கலவைதான் ருசி.)

இப்போ ஒரு அண்ணாச்சியோட ரெக்கார்டுப் பெட்டிக்கு வருவோம்.

எங்க பக்கம் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் ரேடியோ செட் கட்டணும். தென்னை மரத்துல குழாயைக் கட்டி, பந்தலுக்கு ஓரமா மேசை போட்டு, ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயரும் வச்சு ஒருத்தர் உக்காந்திருப்பார். காலையில பிள்ளையார் பாட்டு, அப்புறம் பழைய பாட்டு, சாயங்காலம் புதுப் பாட்டு. கேசட் வந்ததும் அந்த ரெக்கார்டு எல்லாம் தகரப் பெட்டிக்குள்ள போச்சு. ரெக்கார்டு தேடுறவங்க சென்னை, பம்பாய்னு அலையறாங்க. (சென்னை மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சப்போ எவ்வளவு ரெக்கார்டு போச்சோ!) நான் ரேடியோ செட் வச்சிருந்த குடும்பங்களைத்தான் தேடிப் போறேன்.

அப்படி ஒரு அண்ணாச்சி. தொழிலை விட்டு ரொம்ப காலமாச்சு. பெட்டியை இழுத்துப் போட்டார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. இதெல்லாம் இப்பம் யாரு கேக்கா?"

"நான் கேக்கேன் அண்ணாச்சி."

பூரா இ.பி. ஏழு அங்குல ரெக்கார்டு, பெரும்பாலும் பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. ஒவ்வொண்ணுலயும் லேபிள்ல வெள்ளை பெயின்ட்ல நம்பர், சவுண்ட் சர்வீஸ் பேரு ரப்பர் ஸ்டாம்புல. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துலயும் நம்பரைப் பார்த்து எடுக்கணும்ல, அதுக்காம்.

ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். முதல் பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கு. கல்யாணப் பாட்டு. ஊசி ஓடி ஓடி வரியெல்லாம் தேஞ்சு, கறுப்பு நிறமே போயிருச்சு. திருப்பினேன். ரெண்டாம் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. எல்.ஆர். ஈஸ்வரி பாடின கிளப் டான்ஸ் பாட்டு.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் புதுசா இருக்கு அண்ணாச்சி?"

"கொடையில இதைப் போட்டா பெரியாளுவ ஏசுவாவல்லா! சினிமாக் கொட்டகையில கேட்டுக்கிடுவாவ."

எனக்கு அப்படியே குதிக்கணும் போல இருந்துச்சு. ஊரு ஒதுக்கி வச்சதால தப்பிச்ச பாட்டு! அன்னிலேருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல்ல ரெண்டாம் பக்கத்தைத்தான் திருப்புவேன். அநேகமா ஏமாத்துறதில்ல. நீங்களும் அதையே பண்ணுங்க.

ஈஸ்வரியம்மாவைப் பத்தி ஒரு பத்தியாவது எழுதாம விட்டா பாவம். 'கறுப்புப் பணம்' படத்துல 'ஆடவரெல்லாம்' பாட்டு. 1966ல 'வல்லவன் ஒருவன்' படத்துல வேதா இசையில 'பளிங்கினால்' பாட்டு. 1969ல 'சிவந்த மண்' படத்துல 'பட்டத்து ராணி'. மூணையும் வரிசையாப் போட்டுக் கேளுங்க. தாளத்துக்கு முன்னாடி ஒரு இம்மி, பின்னாடி ஒரு இம்மின்னு அவங்க விளையாடுற விளையாட்டு இருக்கே, ஹார்லெம்ல பிறந்திருந்தா டீக்கோ ரெக்கார்டு கம்பெனி வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கும். அதே குரல்தான் ஆடி மாசம் ஆச்சுன்னா எங்க ஊரு அம்மன் கோயில் குழாயில மாரியம்மன் பாட்டா வருது. கிளப் பாட்டுக்கு முகம் சுளிச்ச அதே பெரியவங்க அதைக் கேட்டுக் கன்னத்துல போட்டுக்கிடுவாங்க. ரெண்டு பாட்டுலயும் நம்மள எழுப்பி நிறுத்துறது ஒரே சங்கதிதான், தாளத்து மேல அவங்களுக்கு இருக்க பிடி.

சரி, ஆதங்கத்துக்கு வர்றேன்.

என்கிட்ட இருக்க கால் ட்ஜேடரோட 'சோல் சாஸ்' எல்.பி. 1965ல வெர்வ் கம்பெனி போட்டது. அதுல தாள வாத்தியத்துக்கு வில்லி போபோ, அர்மாண்டோ பெராசான்னு பேரு தெரியும். 'பேங் பேங்' எழுதினதுல பங்கு உள்ள ஜிம்மி சபாட்டர், ஜோ க்யூபா குழுவுல டிம்பாலே அடிச்சவர். ரே பரெட்டோ காங்கா அடிச்சே நட்சத்திரம் ஆனவர். மாங்கோ சாண்டமரியாவும் அப்படித்தான். கையால தோலைத் தட்டுறவர் பேரு அட்டையில பெருசா இருக்கும். அவர் பேருக்காகவே ரெக்கார்டு விக்கும்.

நம்ம இ.பி. அட்டையைத் திருப்புங்க. படம் பேரு, பாடினவங்க, எழுதினவர், இசையமைப்பாளர். முடிஞ்சுது.

இலங்கை வானொலியும் அப்படித்தான். அப்போ எங்க பக்கம் பல வீட்டுல திருச்சி, திருநெல்வேலி நிலையத்தை விட இலங்கைதான் தெளிவாக் கேக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரலெல்லாம் எங்க வீட்டுக் குரல் மாதிரி. பாட்டுப் போடுறதுக்கு முன்னாடி படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பேரை அவங்க சொன்னதாலதான் ஒரு தலைமுறைக்கே கவிஞர் பேரெல்லாம் மனப்பாடம். ஏ.இ. மனோகரனோட 'சுராங்கனி'யும், துள்ளுற பைலாத் தாளமும் எங்களுக்கு வந்தது அந்த வழிதான். ஆனா கம்பெனி போடாத பேரை அறிவிப்பாளர் எங்கேருந்து சொல்வார்?

அதனால என்ன ஆச்சுன்னா, ஒரு பாட்டுல நம்மள ஆட வச்சது யாருங்கிறதே நமக்குத் தெரியாமப் போச்சு. எம்.எஸ்.வி. மேதை. அதுல மறுபேச்சே இல்ல. அந்த மேதை மனசுல நினைச்சதை விரல் நுனியில கொண்டுவந்தவங்களும் கலைஞர்கள்தானே? மாச சம்பளத்துக்கும் தினக் கூலிக்கும் வாசிச்சுட்டு வீட்டுக்குப் போனவங்க. அவங்க பேரைச் சொல்றதால இசையமைப்பாளர் பேரு ஒரு இம்மி கூட குறையாது.

உடனே ஒருத்தர் வருவார், 'அதெல்லாம் காப்பிதானே'ன்னு. 'புதிய பறவை'யில 'பார்த்த ஞாபகம்' பாட்டைக் கேட்டா டீன் மார்ட்டினோட 'ஸ்வே' சாயல் தெரியுதும்பார். தெரியுது, நானும் கேட்டிருக்கேன். அந்த 'ஸ்வே' எங்கேருந்து வந்துச்சு? 1953ல மெக்ஸிகோவுல வந்த 'கியேன் செரா'. மெக்ஸிகோவுக்கு மாம்போ வந்தது க்யூபாலேருந்து. க்யூபாவுக்கு அந்தத் தாளம் வந்தது ஆப்பிரிக்காலேருந்து, அடிமைக் கப்பல்ல. ஹெர்பி ஹான்காக் எழுதின 'வாட்டர்மெலன் மேன்' பாட்டை மாங்கோ சாண்டமரியா 1963ல லத்தீன் தாளத்துல போட்டு ஹிட் ஆக்கினார். அதை யாரும் காப்பிங்கிறதில்ல, லத்தீன் ஜாஸோட பெருமைங்கிறாங்க. சுசீலாம்மா 'பார்த்த ஞாபகம்' பாட்டைச் சந்தோஷமா ஒரு தடவை, சோகமா ஒரு தடவை பாடியிருக்காங்களே, அந்த ரெண்டாவது பாட்டுல இருக்க ஏக்கத்தை மெக்ஸிகோவுல போய்த் தேடினாலும் கிடைக்காது.

இன்னொண்ணு தெரியுமா? 78 சுத்து ரெக்கார்டு காலத்துல ரெக்கார்டு பண்ண அரக்கு வேணும். உலகத்துக்கே அரக்குல பெரும்பகுதி போனது நம்ம நாட்டுக் காட்டுலேருந்து. 1940கள்ல நியூயார்க்ல மாச்சிட்டோ குழு ஆப்ரோ-க்யூபன் ஜாஸ் வாசிச்சுப் போட்ட ரெக்கார்டு எல்லாம் அந்த அரக்குக் காலத்துச் சரக்கு. இரண்டாம் உலகப் போர்ல அரக்கு தட்டுப்பாடு வந்தப்போ அமெரிக்காவுல பழைய ரெக்கார்டை வாங்கி உருக்கிப் புதுசு போட்டாங்க. அங்க 78 மூச்சை விட்ட பிறகும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில அது ஓடிட்டே இருந்துச்சு. பீட்டில்ஸ் பாட்டையே 78ல போட்டாங்க! உலகம் முழுக்க இருக்க பீட்டில்ஸ் ரசிகர்கள் இன்னிக்கும் அந்த இந்திய ரெக்கார்டைத்தான் வலை போட்டுத் தேடுறாங்க. நம்ம பரண்ல கிடக்கிறது சாதாரண சாமான் இல்லீங்க.

இப்போ, முன்னாடி சொன்ன மாதிரி, சுத்தம் பண்ற விஷயம். சாரல் ஊருல ரெக்கார்டு வச்சுக் காப்பாத்துறது தனிப் பாடம். ஜூன் பிறந்தா சுவரே வேர்க்கும்.

பிளாஸ்டிக் ரெக்கார்டுக்கு (எல்.பி., இ.பி.): பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவ சோப்பு. மெத்துனு துணியில நனைச்சு, வரி போற வாக்குலயே வட்டமாத் துடைக்கணும். குறுக்கத் துடைக்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. அப்புறம் சோப்பு இல்லாத தண்ணியில ஒரு தடவை. நிழல்ல நிமிர்த்தி வச்சுக் காய விடணும். வெயில்ல வச்சா அப்பளமா வளைஞ்சிரும். குழாய்த் தண்ணி வேண்டாம், உப்பு வரியில படியும்.

78க்கு ஸ்பிரிட் தொடவே கூடாது. தச்சாசாரிங்க மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை எதுல கரைப்பாங்க? ஸ்பிரிட்லதானே? அப்படியே ரெக்கார்டும் கரைஞ்சிரும். லேசா ஈரத்துணி, உடனே காஞ்ச துணி, அவ்வளவுதான்.

ஊசி முக்கியம். 78 வரி அகலம், அதுக்கு ஊசி முனை சுமார் மூணு மில். எல்.பி., இ.பி.க்கு முக்கால் மில் பக்கம். இதை அதுல போட்டா சத்தமும் நல்லா வராது, ரெக்கார்டும் பாழ். பழைய கிராமஃபோன் இரும்பு ஊசியை பிளாஸ்டிக் ரெக்கார்டு மேல வைக்கவே வைக்காதீங்க.

உறை விஷயத்துல நான் பலதும் பண்ணிப் பார்த்தேன். இறுக்கமான பிளாஸ்டிக் உறைக்குள்ள ஈரம் அடைஞ்சு பூஞ்சை பூக்குது. வெறும் காகித உறை ஈரத்தை உறிஞ்சி ரெக்கார்டோட ஒட்டிக்குது. இப்போ எனக்கு ஒத்து வர்றது: உள்ள மெல்லிய புது உறை, வெளிய வாய் திறந்த பிளாஸ்டிக் உறை, அலமாரிக்குள்ள சிலிகா ஜெல் பொட்டலம். மேற்குச் சுவரை ஒட்டி வைக்கிறதில்ல. படுக்கப் போட்டு அடுக்குறதில்ல, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைக்கிறேன். பழைய அட்டை கிழிஞ்சிருந்தாலும் தனியா எடுத்துப் பத்திரப்படுத்துறேன், ஏன்னா நம்பரும் ஸ்டாம்பும் ஒரு ஊரோட பாட்டுக் கணக்கு.

சுத்தம் பண்ணின 'அவளுக்கென்ன'வை முதல் தடவை மோனோவுல போட்டுக் கேட்டப்போ, போங்கோ ரெண்டு தோலும் தனித்தனியாக் கேட்டுச்சு. சின்னத் தோலு விரல் நுனியில டிக்குனு, பெரிய தோலு உள்ளங்கையில தும்முனு. போன்ல ஆயிரம் தடவை கேட்டாலும் எனக்கு அது பிடிபட்டதில்ல.

ஆகவே, உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டே ரெண்டு.

ஒண்ணு, உங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ ரேடியோ செட் பெட்டி இருந்தா விக்கிறதுக்கும் வெட்டுறதுக்கும் முன்னாடி ரெண்டு பக்கத்தையும் கேளுங்க. எனக்குத் தரணும்னு இல்ல. நீங்களே வச்சுக்கோங்க, ஓட விடுங்க.

ரெண்டு, உங்க தாத்தாவோ மாமாவோ சித்தப்பாவோ மெல்லிசைக் குழுவுல, ஸ்டுடியோவுல, நாடகக் கம்பெனியில தாள வாத்தியம் வாசிச்சிருந்தா உக்கார வச்சுக் கேளுங்க. எந்தப் பாட்டு, எந்த வருஷம், பக்கத்துல யாரு வாசிச்சா, கூலி எவ்வளவு, வாத்தியம் எங்க வாங்கினாங்க. எல்லாத்தையும் எழுதுங்க. எழுதின காகிதத்தை அந்த ரெக்கார்டு உறைக்குள்ளயே வைங்க. கம்பெனி அச்சடிக்காத பேரை நாம கையால எழுதினா யாரு வேண்டாங்கப் போறா? நான் என் இ.பி. எல்லாத்துக்கும் இப்படி எழுத ஆரம்பிச்சாச்சு. பேரு தெரிஞ்சதுல பேரு இருக்கு, தெரியாததுல 'போங்கோ:'ன்னு எழுதி, பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க.